பசியோடு இருந்த ஒரே ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'தி மெனு' படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். ஆளுக்கு 1,250 டாலர் கொடுத்து ஒரு தீவு உணவகத்துக்குச் சாப்பிடப் போகும் பணக்காரர்களை, அங்கிருக்கும் செஃப் ஒவ்வொரு சுற்றாகப் பரிமாறிக்கொண்டே சாவை நோக்கி நடத்திப்போகும் கதை. சிரித்தேன், பயந்தேன். ஆனால் முடிந்ததும் ஏதோ ஏமாந்ததுபோல இருந்தது. பணக்காரர்களைத் திட்டுவது சுலபம். கடைசியில் ஒரு சீஸ்பர்கரைக் காட்டி, எளிய சாப்பாடுதான் உண்மையானது, மற்றதெல்லாம் பொய் என்று முடித்துவிட்டார்கள். இத்தனை புத்திசாலித்தனமான படம் இதைச் சொல்லத்தானா இவ்வளவு தூரம் வந்தது? அப்புறம் ஒரு சந்தேகம். சாப்பிட வந்தவர்களில் மார்கோ என்ற பெண்ணை மட்டும் செஃப் ஏன் போகவிடுகிறார்? அவள் நடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த பிறகு படத்தை இன்னொரு முறை பார்த்தேன். முடிவைப் பேசாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது. இரண்டாம் முறை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. அந்த சீஸ்பர்கரை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில் நான் புரிந்துகொள்ளவில்லை.

'மற்றதெல்லாம் பொய்' என்று படம் சொல்வதாக எனக்குப் படவில்லை. அதில் வரும் உணவுகளை உருவாக்க ஆலோசகராக இருந்தவர் டொமினிக் க்ரென், உணவகங்களை மதிப்பிடும் மிஷலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களை அமெரிக்காவில் பெற்ற முதல் பெண் செஃப். உணவைப் படம்பிடிக்கும் வேலையில், உலகப் புகழ்பெற்ற செஃப்களைப் பற்றிய ஆவணத் தொடரை உருவாக்கிய டேவிட் கெல்ப் இருந்தார். ஒரு கலையை வெறுப்பவர்கள் அதன் தலைசிறந்த ஆட்களைத் தேடிப்போய் உதவி கேட்க மாட்டார்கள். அந்தத் தட்டுகள் உண்மையிலேயே அழகானவை. இவ்வளவு உழைப்பும் யாருக்காக என்பதுதான் படம் கேட்கும் கேள்வி.

சாப்பிட வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பணக்காரத் தம்பதி அந்த உணவகத்துக்கு ஐந்து வருடங்களில் 11 முறை வந்திருக்கிறார்கள். போன முறை சாப்பிட்டதில் ஒன்றையாவது சொல்லுங்கள் என்று செஃப் ஸ்லோவிக் கேட்கிறார். கணவர் தயங்கித் தயங்கி ஒரு மீனின் பெயரைச் சொல்கிறார், அதுவும் தவறு. எனக்குப் படத்திலேயே அதிகம் வலித்த இடம் இதுதான். வெட்டுவதையும் கொல்வதையும்விட அதிகமாக வலித்தது. எழுதுகிறவன் என்பதால் இருக்கலாம். என் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரிடம், எது பிடித்தது என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ரொட்டியே இல்லாத ரொட்டித் தட்டு வருகிறதே, அந்தக் காட்சியையும் சொல்ல வேண்டும். ரொட்டி சாமானியர்களின் உணவு, நீங்கள் சாமானியர்கள் இல்லை, ஆகவே உங்களுக்கு ரொட்டி கிடையாது, தொட்டுக்கொள்வது மட்டும்தான் என்கிறார் ஸ்லோவிக். முகத்துக்கு நேரே செய்யும் அவமானம் அது. ஆனால் அவர்களில் பலர் அதையும் ஒரு புதுமையாக எடுத்துக்கொண்டு ரசிக்கிறார்கள். உணவு விமர்சகர் தொட்டுக்கொள்ளும் குழம்பில் எமல்ஷன், அதாவது எண்ணெயும் நீரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கலவை, பிரிந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிறார். குறை கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷம் அவருக்கு. அவர் கண்டுபிடித்தது சரிதான். அதனால்தான் அந்தக் காட்சி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. எமல்ஷன் பிரிந்ததைக் கவனிக்கும் நாக்குக்குத் தன்னை அவமானப்படுத்துகிறார்கள் என்பது தெரியவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவன் டைலர். பணக்காரர்களைத் திட்டும் படம் என்று நீங்கள் எழுதியதும் நான் இவனைத்தான் நினைத்தேன். டைலர் ஸ்லோவிக்கின் ரசிகன். எல்லா நுணுக்கமும் தெரிந்தவன், ஒரு வாய் ருசித்ததும் கண் கலங்குபவன். அன்று இரவு எல்லோரும் சாகப்போகிறார்கள் என்பது அவனுக்கு முன்பே தெரியும். தனியாக வருபவர்களுக்கு அங்கே இடம் இல்லை என்பதால், பணம் கொடுத்து மார்கோவைத் துணைக்கு அழைத்து வருகிறான். ஒரு சாப்பாட்டுக்காக ஒரு பெண்ணைச் சாகக் கொண்டுவந்தவன் அவன். அங்கிருக்கும் வேறு யாரும் செய்யாத கொடுமை அது. அதைக் கலையின் மேல் உள்ள காதல் என்று அவன் முழுமனதாக நம்புகிறான்.

அவனைச் சமையலறைக்குள் அழைத்து, சரி, நீயே சமை என்கிறார் ஸ்லோவிக். அவனுக்கு வெங்காயத்தைக்கூட ஒழுங்காக நறுக்க வரவில்லை. கறி வேகவில்லை. எல்லோர் முன்னாலும் அவன் சுருங்கிப்போவதைப் பார்க்கும்போது நான் சிரிக்கவில்லை. சமைக்கத் தெரியாதது ஒரு குற்றமா? இல்லை. நல்ல வாசகனுக்கு எழுதத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. டைலருடைய குற்றம் என்னவென்றால், அவன் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சாப்பாட்டைப் பற்றிய அறிவைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படம் எடுக்கக்கூடாது என்று சொல்லியும் அவன் போனை எடுப்பது அதனால்தான்.

இந்தப் பின்னணியில் மார்கோவைப் பாருங்கள். அவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது முதலிலிருந்தே ஸ்லோவிக்கைத் தொந்தரவு செய்கிறது. அவர் வீட்டுச் சுவரில் பழைய புகைப்படம் ஒன்றை அவள் பார்க்கிறாள். வாலிப வயதில் ஒரு சாதாரணக் கடையில் பர்கர் போட்டுக்கொண்டிருந்த ஸ்லோவிக், அதில் சிரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு எல்லோர் முன்னாலும் கையைத் தட்டி, உங்கள் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, இதில் அன்பே இல்லை, எனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரு சீஸ்பர்கர் வேண்டும் என்கிறாள். அந்த அறையில் அன்று இரவு 'பசிக்கிறது' என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

பர்கர் எளியது என்பதற்காக அது வரவில்லை. 9.95 டாலர் விலை சொல்லி அவர் அதைச் செய்யும்போது, அவர் கையில் அதே நிபுணத்துவம்தான் இருக்கிறது. நடு இரவில் வேறொரு செஃப்பிடம் வேறு யாராவது மிகச் சிக்கலான ஒன்றைப் பசியோடு கேட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒருத்திக்காகச் சமைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வருகிறது. வெண்ணெய் தடவிய பன் கல்லில் விழும்போது ஸ்லோவிக்காக நடிக்கும் ரால்ஃப் ஃபைன்ஸின் முகம் மாறுவதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

உங்களோடு நான் ஒத்துப்போகும் ஒரு குறையும் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. சமையலறையில் நிற்கும் அந்த இளைஞர்கள் ஏன் சாக ஒப்புக்கொண்டார்கள்? 'யெஸ் செஃப்' என்று ஒரே குரலில் கத்துவதைத் தாண்டி அவர்களைப் படம் தெரிந்துகொள்ளவே இல்லை. உதவி செஃப் ஜெரமியைப் போல ஓரிருவர்தான் விதிவிலக்கு. நீ கனவு கண்ட இந்த வாழ்க்கை உனக்குப் பிடித்திருக்கிறதா, என் வாழ்க்கை உனக்கு வேண்டுமா என்று ஸ்லோவிக் கேட்க, இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு விருந்தாளிகள் முன்னால் ஜெரமி சுட்டுக்கொள்கிறான். மற்றவர்கள் கூட்டமாகவே வந்து கூட்டமாகவே எரிகிறார்கள்.

ஜெரமியின் மரணம் மிகையாக இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். இந்தத் தொழிலின் வரலாறு அப்படிச் சொல்ல விடாது. 1671இல் பிரான்ஸின் ஷாந்தியி கோட்டையில் பதினான்காம் லூயி மன்னருக்கு விருந்து நடந்தபோது, மீன் வண்டிகள் வரத் தாமதமானதால் விருந்துக்குப் பொறுப்பாக இருந்த வாத்தெல் வாளின் மேல் பாய்ந்து உயிரை விட்டார். கொஞ்ச நேரத்தில் மீன் வந்து சேர்ந்தது. 2003இல் பிரெஞ்சு செஃப் பெர்னார் லுவாஸோ தற்கொலை செய்துகொண்டார். வேறொரு உணவக வழிகாட்டி நூல் அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்திருந்தது, மூன்றாவது மிஷலின் நட்சத்திரமும் போய்விடும் என்ற பேச்சு அடிபட்டது. அந்த வருடம் நட்சத்திரம் போகவில்லை.

உலகின் சிறந்த உணவகம் என்று பலமுறை முதலிடம் பெற்ற கோபன்ஹேகனின் நோமா, 2022 அக்டோபர் வரை பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுக்க ஆரம்பித்துச் சில மாதங்களில், 2023 ஜனவரியில், இந்த முறையில் தொடர்ந்து நடத்த முடியாது என்று அதன் செஃப் ரெனே ரெட்ஸெபி அறிவித்தார். படம் திரைக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. கூலியில்லாத அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு பார்த்தால், ஜெரமிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வரியாவது பேசக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வாங்குகிறவர்கள், கொடுக்கிறவர்கள் என்று உலகத்தைப் பிரித்துப் பேசும் ஸ்லோவிக், தன் சமையலறையில் தானே பெரிய வாங்குகிறவர் என்பதைப் படம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, அவள் நடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணுக்கு இருந்த பசி வயிற்றுக்கு இல்லை, மிச்சத்தைக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று அவள் கேட்கும்போது அவர் ஒரு நொடி தாமதிக்கிறார். தப்பிப்பதற்காகக் கேட்கிறாள் என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அவளுக்குப் பசித்ததும் உண்மை. அவள் கேட்டது ஒரு சமையல்காரரிடம் ஒரு வாடிக்கையாளர் கேட்கும் சாதாரண விஷயம். அதை மறுக்க அவருக்குத் தெரியாது. கட்டிக் கொடுக்கிறார். வந்ததற்கு நன்றி சொல்கிறார்.

அவளும் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. படகில் உட்கார்ந்து, தூரத்தில் தீவு எரிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள்.

அன்புடன்.