சுரங்கமும் மீனும் பறவையும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அக்கா, சுரங்கத்துக்குக் கீழ ஓடுற ஓடைல தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, ஆனா ஒரு மீன் இல்லயே?

ப: அந்தத் தெளிவுதான் சந்தேகமே. பாறைல பைரைட் (இரும்பும் கந்தகமும் சேந்த கனிமம்) இருந்தா வெட்டிப் போட்டதும் காத்தும் தண்ணியும் பட்டு கந்தக அமிலம் உண்டாகும், அதுல அலுமினியம் இரும்பு எல்லாம் கரைஞ்சு வரும், வேற தண்ணி கலந்து அமிலம் குறையற இடத்துல அலுமினியம் மீனோட செவுள்லயே படிஞ்சு மூச்சடைச்சுரும். இன்னும் கீழ போய்ப் பாருங்க, கல்லெல்லாம் ஆரஞ்சு கலரா இருக்கும், அது இரும்பு. கூழாங்கல் இடுக்கு பூரா அடைஞ்சுட்டா முட்டைக்கும் இடமில்ல, மீன் திங்கற புழுவுக்கும் இடமில்ல. மொதல்ல பிஎச், அதான் அமில அளவு, பாருங்க. தெளிவா இருக்குன்னு நம்பாதீங்க.

கே: வேலை முடிஞ்ச குழில தண்ணி நிக்குது, மீன் விடலாமா?

ப: டெஸ்ட் பண்ணாம விடாதீங்க, பாறைலருந்து கரைஞ்சு வர்ற செலினியம்ங்கற தனிமத்தயும் சேத்துப் பாருங்க. தாய்மீன் கொழுகொழுன்னு திரியும், செலினியம் முட்டைக்குள்ள போயிரும், குஞ்சு முதுகெலும்பு வளைஞ்சு பொறக்கும்.

கே: பறவைக்கு?

ப: அமெரிக்காவுல மொன்டானாவுல பெர்க்லி பிட்னு அமிலத்தண்ணி நிக்கற பழைய செம்புச் சுரங்கக்குழி, 1995ல அங்க இறங்கின ஸ்னோ கூஸ் வாத்துல முந்நூத்துக்கு மேல செத்துச்சு, 2016ல ஆயிரக்கணக்குல. வானத்துலருந்து பாக்கற வாத்துக்கு அதுவும் ஏரிதான்.

கே: குழித்தண்ணில மீன் வளக்கலாமா மேடம்?

ப: மேல சொல்லிட்டேன், அதப் படிங்க.

கே: சுரங்கவேலை முடிஞ்ச நிலத்துல திரும்ப மரம் வளர மேல்மண்ண லூசா விடுங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதறீங்க. நான் சைட் இஞ்சினியர், ரோலர் ஓட்டி இறுக்கிப் புல் போட்டாத்தான் மண் அரிக்காது.

ப: சார், சரிவு நிக்கறதுக்கு அடிய இறுக்குங்க, யாரு வேணாம்னா? மேல நாலடிய விட்டுருங்க. அமெரிக்காவுல சுரங்க நிலத்தச் சீர்படுத்தணும்னு வந்த 1977 சட்டத்துக்கப்புறம் நீங்க சொல்ற மாதிரியே டோசர் ஓட்டி ஓட்டி இறுக்குனாங்க, புல்லு வந்துச்சு, காடு வரல. அங்க கிழக்குல இருக்கற அப்பலாச்சியா மலைப்பகுதில மேல நாலடி லூசா போட்டு நட்டப்பதான் மரம் புடிச்சுது.

கே (அதே சார்): மழைல அந்த லூஸ் மண் ஓடைக்குப் போனா உங்க மீனுக்குத்தான கேடு?

ப: லூஸ் மண்ணு தண்ணியக் குடிக்கும் சார், இறுக்குன மண்ணுதான் வழிய விடும். அதையும் மீறி வர்ற மண்ணத் தேக்கி அடியில படிய வைக்கத்தான் வண்டல் குட்டை, அதத் தூர் வாராம விட்டா எந்த மண்ணும் ஓடைக்குத்தான் போகும்.

கே (அதே சார்): புல்லுன்னா சீக்கிரம் பச்சையாகும், இன்ஸ்பெக்ஷன் பாஸ்.

ப: பச்சைதான் வேணும்னா பெயின்ட் அடிங்க. அடர்புல் மரக்கன்ன அமுக்கும், அதுக்குள்ள எலி பெருகிக் கன்னுப் பட்டையச் சுத்திக் கடிச்சுரும். சன்னமா விதைங்க.

கே: நஷ்டஈடு எப்படி வாங்கறது?

ப: வக்கீலக் கேளுங்க.

கே: குழில மீன்...

ப: மேல. மேல. தெளிவா இருக்குன்னு சொல்லிராதீங்க.

கே: பழைய சுரங்கவாய கான்கிரீட் போட்டு மூடப்போறோம், ஓகேவா?

ப: நிறுத்துங்க! சாயங்காலம் வாசல்கிட்ட உக்காந்து வௌவால் வெளிய வருதான்னு பாருங்க, சீசன் மாத்தி மாத்திப் பாக்கணும். இருந்தா படுக்கவசமா கம்பி வச்ச கேட் போடுங்க, ஆள் நுழைய முடியாது, வௌவால் போய்வரும். காத்தோட்டத்த மட்டும் அடைச்சுராதீங்க.