அப்பாவின் ஸ்பெக்ட்ரம்: ஐசியை மாற்றும் முன் நான்கு மூலைகளை அளந்து பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அப்பா 1984-ல் லண்டனிலிருந்து வாங்கி வந்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி (ரப்பர் பொத்தான் மாடல்) பரணில் கிடைத்தது. அடாப்டர் தொலைந்துவிட்டது. எஸ்.பி. ரோட்டில் 9 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினேன். ஒன்றும் வரவில்லை, லேசாகக் கருகிய வாசனை மட்டும். கடைக்காரர் அதை மாற்றி வேறொன்று கொடுத்தார். இப்போது டிவியில் ஓரம் வெள்ளையாகவும், நடுவில் செங்குத்துப் பட்டைகளாகவும் தெரிகிறது. அவர் அனுப்பிய மெக்கானிக், "மதர்போர்டு போயிடுச்சு சார், எல்லா ஐசியும் மாத்தணும், 12,000 ஆகும். வேண்டாம்னா 1,500-க்கு நானே எடுத்துக்கறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இனிமேல் நான் சொல்லும்வரை மின்சாரமும் கொடுக்காதீர்கள். ஸ்பெக்ட்ரத்தில் ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது, செருகினாலே ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அடாப்டரை வேறு அறையில் கொண்டுபோய் வையுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசையில் செத்த சிப்புகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஓரம் வெள்ளையாகச் சீராக நிற்கிறது என்றால், படத்தை உண்டாக்கும் யுஎல்ஏ என்ற சிப் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தைத் தயாரித்த சின்க்ளேர் நிறுவனத்துக்காகவே ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த சிப் அது. அசல் இன்று தயாரிப்பில் இல்லை, அதனால் இந்தக் கணினியில் விலைமதிப்பு உள்ள ஒரே துண்டு அதுதான். மெக்கானிக்குக்கும் இது தெரியும். ஒன்றுக்கும் ஆகாத போர்டுக்கு ஏன் 1,500 தருகிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஸ்பெக்ட்ரம் அடாப்டரின் பின்னில் நடு ஓட்டை நெகடிவ், வெளி உறை பாசிடிவ். இன்று ரௌட்டருக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் விற்கும் அடாப்டர்கள் அனேகமாக எல்லாமே இதற்கு நேர் எதிர். ஆனால் பின் கச்சிதமாகப் பொருந்திவிடும். தலைகீழாக வரும் மின்சாரத்தைத் தடுக்க உள்ளே ஒரு டயோடுகூட இல்லை. நீங்கள் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட அடாப்டராகத்தான் இருக்க வேண்டும், வாசனைக்கும் அதுவே காரணம். "9 வோல்ட்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று கடையில் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தால் இந்த ஊரில் எத்தனை பழைய கணினிகள் போயிருக்கின்றன! அடாப்டர் வாங்கும்போது அதன் முதுகில் இருக்கும் சின்னப் படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளிக்குப் போகும் கோட்டில் கழித்தல் குறி இருக்க வேண்டும். படமே இல்லாத அடாப்டரை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இனி பழுதுக்கு வருகிறேன். போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை எட்டு சிப்புகள் இருக்கும். கீழ் 16கே நினைவகம் அதுதான். திரையில் தெரியும் படமும் அங்கேதான் சேமிக்கப்படுகிறது. அது சரியாக எழுந்திருக்காததால்தான் உங்களுக்குப் பட்டை தெரிகிறது. இவை 4116 என்ற பழைய ரகம், மூன்று மின்னழுத்தம் கேட்கும்: +5, +12, −5. ஐந்தை 7805 என்ற ரெகுலேட்டர் தருகிறது. மற்ற இரண்டையும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரு சிறு காயிலும் (கம்பிச்சுருள்) சேர்ந்து உண்டாக்குகின்றன. அடாப்டர் தலைகீழானால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இந்த இடம். இதில் −5 மட்டும் நின்றுபோய் +12 தொடர்ந்து வந்தால் 4116 சிப்புகள் ஒவ்வொன்றாக வெந்துபோகும். மின்சாரம் கொடுக்காதீர்கள் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னது இதனால்தான்.

பெட்டியைத் திறக்கும்போது ஒரு கவனம் தேவை. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றியதும் மேல்மூடியைப் படக்கென்று தூக்காதீர்கள். விசைப்பலகையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ரிப்பன்கள் போர்டுக்குப் போகின்றன. நாற்பது வருடத்தில் அவை அப்பளமாகியிருக்கும். உடைந்தாலும் பரவாயில்லை, அந்த ரிப்பன்களோடு சேர்ந்த மெம்பரேன் (பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள்) இன்றும் புதிதாகத் தயாராகி விற்கிறது.

இப்போது ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்புக் கோலை 7805-ன் உலோகத் தகட்டில் வையுங்கள், அதுதான் பூஜ்யம். ஐசி6-ல் அரைவட்ட வெட்டு மேலே இருக்கும்படி பாருங்கள். நான்கு மூலைக் கால்களை மட்டும் கவனித்தால் போதும். இடது மேல் மூலை −5, இடது கீழ் மூலை +12, வலது கீழ் மூலை +5, வலது மேல் மூலை பூஜ்யம். மின்சாரம் கொடுப்பதற்கு முன், மீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி, வலது மேல் மூலையைத் தவிர மற்ற மூன்று மூலைகளுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே பாருங்கள். எங்காவது கிட்டத்தட்ட சுழி காட்டினால் அங்கே ஷார்ட், நிறுத்திவிடுங்கள். அப்படி இல்லையென்றால், மீட்டரை மறுபடி 20 வோல்ட் டிசிக்கு மாற்றிவிட்டு, துருவம் சரியாக இருக்கும் அடாப்டரைச் செருகி, பத்து விநாடிக்குள் ஒரு மூலையை அளந்து உடனே பிடுங்கிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மூலை போதும். கோல் வழுக்கி அடுத்த காலைத் தொட்டால் நல்ல சிப்பும் போய்விடும். கை நடுங்குபவர்கள் இதைச் செய்ய வேண்டாம், பிள்ளைகளிடம் கொடுத்து அருகில் நில்லுங்கள்.

+12-ம் −5-ம் இல்லையென்றால் டிஆர்4, டிஆர்5, காயில் மூன்றையும் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஆகும் செலவு சில பத்து ரூபாய்தான். +5-ம் இல்லையென்றால் 7805-ஐப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் பட்டை வந்தால்தான் 4116 சிப்புகள் மீது சந்தேகம். அப்போதும் எட்டையும் மாற்ற வேண்டியதில்லை, அடிபட்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் சிப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இந்த நான்கு மூலைகளை அளக்காமல் ஒருவர் விலை சொல்கிறார் என்றால், அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது வேலை செய்யும் எண்ணம் இல்லை. உங்களிடம் வந்தவர் மீட்டரை எடுத்தாரா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. "எல்லா ஐசியும் மாத்தணும்" என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் தெரியுமா? ஹாட் ஏர் வைத்து இழுத்து, போர்டின் செப்புத் தடங்களோடு பிய்த்து, நல்ல யுஎல்ஏவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "முடிஞ்ச அளவுக்குப் பார்த்தேன் சார்" என்று வெற்றுப் போர்டைத் திருப்பிக் கொடுப்பது. வேறு சிலர் எடுத்த எடுப்பில் எல்லா கெபாசிட்டரையும் மாற்றும் 'பேக்கேஜ்' விற்பார்கள். நாற்பது வருட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுவது நல்லதுதான், ஆனால் அது உங்கள் பட்டையைப் போக்காது. யாரிடம் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் போர்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யுஎல்ஏவின் மேல் அச்சிட்ட எண் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு சிப்பையும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும், புதியதை நேராகப் பற்ற வைக்காமல் சாக்கெட்டில் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த நிபந்தனைகளைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

சிப் வாங்குவதில் இரண்டு பொறி இருக்கிறது. பழைய சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு வேறு எண் அச்சிட்டு விற்பது ஒன்று. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், எழுத்து அழிந்து வந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது இதைவிட மோசம். "4116 இப்ப வர்றதில்லை, 4164 அதே சைஸ்தான், இதைப் போடலாம்" என்பார்கள். அளவும் கால்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனால் 4116-ல் 12 வோல்ட் வரும் இடது கீழ் மூலை, 4164-ல் 5 வோல்ட் கால். அப்படியே செருகினால் அந்த நொடியே போய்விடும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாளை யாராவது உங்களைக் குழப்புவார்கள். ஐசி15 முதல் ஐசி22 வரை இருக்கும் மேல் 32கே நினைவகத்தில் 4164 தாராளமாகப் போடலாம். சின்க்ளேர் அங்கே போட்டது 4532 என்ற சிப். அது வேறொன்றுமில்லை, பாதி பழுதான 64கே சிப்தான். விலை குறைவு என்று வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். எந்தப் பாதி நல்லது என்பதற்குத் தனித்தனி ரகம் உண்டு, எட்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டும், போர்டில் அதற்கென்று ஓர் இணைப்புக் கம்பியும் உண்டு. பழைய 4532-ஐத் தேடி வாங்கி ரகம் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. முழுசாக நல்ல 4164-க்கு எந்தப் பாதியானாலும் ஒன்றுதான். அங்கே 5 வோல்ட் மட்டுமே போகிறது, அதனால் ஆபத்தும் இல்லை. மேல் நினைவகத்தில் பழுது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கணினி சாதாரணமாக எழுந்து '1982 சின்க்ளேர் ரிசர்ச்' என்ற வரியைக் காட்டும், ஆனால் பெரிய விளையாட்டுகள் ஏறாது. அப்போது பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 (PRINT PEEK 23732 + 256 * PEEK 23733) என்ற கட்டளையைக் கொடுங்கள். 65535 வந்தால் 48கே முழுதும் சரி. 32767 வந்தால் கணினி தன்னை 16கே என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் வந்தால் பழுது எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதையே அது சொல்லிவிடுகிறது. கீழ் நினைவகம் சரியான பிறகு இதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். சரியில்லையென்றால் மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள், அது வேறு பழுது.

யாரிடம் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கணினிக் கடைக்குப் போகாதீர்கள். சிவாஜிநகர் பக்கம் பழைய டிவி, ஆம்ப்ளிஃபையர் பார்த்த வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் அவரைத் தேடுங்கள். மின்னழுத்தத்தை அளந்து பழுது கண்டுபிடிக்கும் பழக்கம் அந்தக் கைகளுக்குத்தான் இருக்கிறது. இன்றைய பயிற்சி மையங்கள் போர்டை மாற்றக் கற்றுத்தருகின்றன, பழுதைத் தேடக் கற்றுத்தருவதில்லை. வெளிநாட்டிலிருந்து நான்கு சிப் வரவழைத்தால் பொருளின் விலையைவிடச் சுங்கமும் கூரியர் கட்டணமும் அதிகமாகிவிடுகின்றன. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளும் உற்பத்தியாளர் வாங்கும் மறுசுழற்சிச் சான்றிதழைச் சுற்றியே பெரிதும் ஓடுகின்றன. ஒரு பொருளை உடைத்துத் தூளாக்கினால் கணக்கு உண்டு, பதிவு பெற்ற நிறுவனம் புதுப்பித்தால் உற்பத்தியாளரின் கடமை தள்ளிப்போகும், அவ்வளவுதான்; சிறு மெக்கானிக் பற்றவைத்து மறுபடி ஓட வைப்பதற்குக் கணக்கு இல்லை. அப்புறம் எங்கிருந்து ஆள் வருவார்கள்?

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். மூன்று மின்னழுத்த எண்களையும், போர்டில் அச்சிட்டிருக்கும் இஷ்யூ எண்ணையும் (போர்டின் பதிப்பு எண்) எழுதி அனுப்புங்கள். இரண்டாவது அடாப்டரின் முதுகுப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதன் துருவம் சரிதானா என்று எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. அதைப் பார்த்துவிட்டு எந்த டிரான்சிஸ்டரை வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.