சாட்டா போதுமா, என்விஎம்இ வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டு பிசி அசெம்பிள் செய்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எச்61 போர்டு, ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. கடையில் சாட்டா எஸ்எஸ்டி போடச் சொல்கிறார்கள். காலேஜ் படிக்கும் பையனோ, "அது பழசுப்பா, என்விஎம்இதான் வாங்கணும்" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் பேச்சை. இரண்டுமே எஸ்எஸ்டிதான், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். சாட்டா என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் அதே கேபிள் இணைப்பு, என்விஎம்இ என்பது பிசிஐஇ என்ற வேகமான பாதையில் ஓடும் வகை. பையன் சொல்வது புதிதாக வாங்கும் பிசிக்குச் சரி, ஆனால் உங்கள் போர்டில் என்விஎம்இ செருக இடமே கிடையாது. பிசிஐஇ ஸ்லாட்டில் ஒரு அடாப்டர் கார்டு போட்டு மாட்டலாம் என்று யூடியூபில் காட்டுவார்கள். மாட்டலாம்தான், விண்டோஸுக்குள் போனபிறகு டிரைவ் தெரியவும் செய்யும், ஆனால் அந்தக் காலத்து பயோஸுக்கு (பிசியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) அதிலிருந்து பூட் ஆகத் தெரியாது. பயோஸையே மாற்றி எழுதும் வித்தைகள் உண்டு, வீட்டு பிசிக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்61 சிப்செட் தருவது சாட்டா 2, அதாவது விநாடிக்கு 300 எம்பிதான் உச்சம். எஸ்எஸ்டி அட்டையில் 550 என்று போட்டிருக்கும், உங்களுக்கு 270 பக்கம்தான் வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இப்போதே, பிசி திணறும் நேரத்தில், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும், ஆனால் வேகம் விநாடிக்கு ஒன்றோ இரண்டோ எம்பி என்று காட்டும். 300 எம்பி போகக்கூடிய கேபிளில் 2 எம்பிதான் போகிறது என்றால் குறை கேபிளில் இல்லை, டிஸ்க்கில்தான். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் இடம் மாறிப்போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து எடுக்கிறது. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி ஆகும் என்றால் விநாடிக்கு நூறு தடவை எடுப்பதே பெரிய பாடு. விண்டோஸ் எழுந்து வரும்போது இப்படி ஆயிரக்கணக்கில் கேட்கும். எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே இல்லை, சாதாரணமாக ஒரு மில்லி விநாடிக்குள் பதில் வந்துவிடும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கை விட்டு எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் பிசியே புதிதாகிவிட்ட மாதிரி இருக்கும். சாட்டா எஸ்எஸ்டியை விட்டு என்விஎம்இக்குப் போகிறவர்களில் பலருக்கு, பிரவுசரும் எக்செல்லும் மட்டும் பார்க்கிற வரை, வித்தியாசமே தெரியாது.

மாட்டும் முன் பயோஸில் சாட்டா மோடு ஐடிஇ என்ற பழைய முறையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டு அப்புறம் விண்டோஸ் போடுங்கள், போட்டபிறகு சும்மா மாற்றினால் பெரும்பாலும் நீலத்திரைதான் வரும். கையோடு ராமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தது. என்விஎம்இ வாங்கிப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் பயோஸிலேயே தெரியவில்லை. டிரைவ் டெட்டா?

பதில்: அநேகமாக டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். எம்.2 என்பது வெறும் வடிவம், 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம், ஒரு குட்டி ஸ்க்ரூ, அவ்வளவுதான். அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்பதுதான் எரிச்சல். டிரைவின் தங்க நிறப் பல்வரிசையைப் பாருங்கள்: இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, சில பழைய என்விஎம்இ டிரைவ்களிலும் இரண்டு வெட்டு இருக்கும். ஸ்லாட்டின் கதை இதைவிட மோசம். ஒரே வெட்டுள்ள டிரைவை ஏற்கிற ஸ்லாட்டாகவே இருக்கும், ஆனால் போர்டில் அதற்கு சாட்டா இணைப்பை மட்டும் கொடுத்திருப்பார்கள், என்விஎம்இ உள்ளே போகும், வேலை செய்யாது. 2015 வாக்கில் வந்த லேப்டாப்களில் இதை அதிகம் பார்க்கலாம். உங்கள் மாடலின் மேனுவலில் அந்த ஸ்லாட்டுக்கு நேரே பிசிஐஇ என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரைவை மாற்றிக்கொண்டு எம்.2 சாட்டா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றித் தர மறுத்தால் என்விஎம்இக்கான யூஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி எக்ஸ்டர்னலாக வைத்துக்கொள்ளலாம், எம்.2 சாட்டாவுக்கு மட்டுமான பெட்டியைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், கவனம்.

பயோஸில் தெரிந்து விண்டோஸ் இன்ஸ்டாலரில் மட்டும் தெரியாவிட்டால் அது வேறு பிரச்சினை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் டிரைவ்களைக் கையாளும் விஎம்டி என்று ஒரு அமைப்பு பயோஸில் ஆனில் இருக்கும். அதற்கான டிரைவரை பென் டிரைவில் வைத்து இன்ஸ்டாலருக்குக் காட்ட வேண்டும், அல்லது விஎம்டியை ஆஃப் செய்ய வேண்டும்.

கேள்வி: புது என்விஎம்இ மாட்டியதும் 2 டிபி ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது! குழந்தைகள் போட்டோ எல்லாம் அதில்தான்.

பதில்: பதற வேண்டாம், போட்டோ அங்கேயேதான் இருக்கும். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும், ஸ்லாட்டில் ஆள் வந்தால் அந்தப் போர்ட் செத்துவிடும். பிசியை ஆஃப் செய்து சாட்டா கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஜென் 3, ஜென் 4, ஜென் 5 என்கிறார்கள். எது வாங்க?

பதில்: ஜென் என்பது பிசிஐஇயின் தலைமுறை எண். அட்டையில் போட்டிருக்கும் கணக்குப்படி விநாடிக்கு சுமார் 3500, 7000, 14000 எம்பி. உங்கள் வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். கேமராவில் இருப்பது யூஎச்எஸ்-1 வகை மெமரி கார்டு என்றால் அந்த இணைப்பின் உச்சமே விநாடிக்கு 104 எம்பிதான், ஜென் 5 டிரைவ் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ரெண்டர் ஆகும்போது காக்க வைப்பது பெரும்பாலும் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான். ஜென் 5க்குக் கொடுக்கும் கூடுதல் காசில் ஜென் 4லேயே பெரிய கொள்ளளவு வாங்குங்கள், டிஎல்சியா கியூஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்டா, நான்கு பிட்டா) என்று கேட்டு டிஎல்சியாகப் பாருங்கள். கியூஎல்சியில் முதல் கொஞ்ச ஜிபி பறக்கும், கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடுகிறவையும் உண்டு, நூற்றுக்கணக்கில் ஜிபி கொட்டுகிற உங்களுக்கு அது ஆகாது. உங்கள் போர்டு ஜென் 3 என்றாலும் ஜென் 4 டிரைவ் வேலை செய்யும், ஜென் 3 வேகத்தில்.

முடித்த வேலைகளைச் சேர்த்து வைக்க எஸ்எஸ்டி வேண்டாம், சாட்டா ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டிலும் ஒரே நகலை வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய பிசியில் 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். புது போர்டில் அந்தப் பட்டைக் கேபிளுக்கு இடமே இல்லை.

பதில்: யூஎஸ்பியிலிருந்து ஐடிஇக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள், தனி பவர் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், 3.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் கரண்ட் பற்றாது. டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் ஜம்பரை, அதாவது பின்கள் மேல் செருகியிருக்கும் குட்டித் தொப்பியை, மாஸ்டரில் வையுங்கள், ஸ்லேவில் இருந்தால் பல அடாப்டர்கள் கண்டுகொள்ளாது. விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: சாட்டா எஸ்எஸ்டி அவ்வப்போது உறைந்து நிற்கிறது. புது டிரைவ் மாற்றியும் அதேதான். இனி என்விஎம்இக்குப் போய்விடலாமா?

பதில்: அதற்கு முன் டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போட்டு சி7 என்ற வரியைப் பாருங்கள், அது சிஆர்சி எரர் கணக்கு, அதாவது டேட்டா கேபிள் வழியில் எத்தனை தடவை கெட்டுப்போனது என்ற எண். சில டிரைவ்களில் அந்த வரி வேறு எண்ணில் இருக்கும், பெயரைப் பார்த்துத் தேடுங்கள். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் சந்தேகம் முதலில் கேபிள் மேல்தான், டிரைவ் மேல் அல்ல. வளைந்து நசுங்கிய கேபிளை, கிளிப் உள்ள புதுக் கேபிளாக மாற்றுங்கள். பழைய எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, மேலே ஏறாமல் நின்றால் சரி.