கல்லை இழுத்த கயிறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். அடுத்த ஜூனில் பெரு நாட்டுக்குத் தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன். வயது 44. வலது முழங்காலில் சின்னத் தொந்தரவு உண்டு. இன்கா பேரரசு காலத்து மலைவழியான இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவை அடைய வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் போக முடியுமா? உயரத்தில் வரும் மூச்சுத்திணறலுக்கு என்ன செய்வது? சோக்கேகிராவ் என்ற பழைய இன்கா நகர இடிபாட்டுக்கும் போகச் சொல்கிறார்களே, போகலாமா?

இன்னொரு சந்தேகம். குஸ்கோ நகரத்துக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் கோட்டைச் சுவரில் நூறு டன்னைத் தாண்டும் பாறைகள்கூட இருக்கின்றனவாம். இடுக்கில் கத்தி நுழையாதாம். இரும்பு, சக்கரம், எழுத்து எதுவும் இல்லாத மக்கள் இதைச் செய்திருக்கவே முடியாது, வேற்றுக்கிரகவாசிகள் அல்லது நம் குமரிக்கண்டத்திலிருந்து போனவர்கள்தான் செய்திருக்க வேண்டும் என்று பல காணொளிகளில் பார்த்தேன். உண்மை உண்டா? அழிந்துபோன அந்த இனத்தைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

சில வாரங்களாகக் கயிற்றைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டிஸ் மலைக்காரர்கள் திரிக்கும் கயிறு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பயண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இன்கா பாதையில் தனியாக நடக்க அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனம் மூலம், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு 500 பேர். அதில் பாதிக்கு மேல் சுமை தூக்குகிறவர்களும் வழிகாட்டிகளும். ஜூன் மாதத்து இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் அங்கே தங்காமல் நேராக ஒல்லாந்தாய்தம்போ என்ற ஊருக்குப் போய்விடுங்கள், அது 2,800 மீட்டர் சுமார். அங்கே இரண்டு மூன்று இரவு தூங்கினால் உடம்பு பழகும். மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முழங்காலைப் படுத்துவது ஏற்றம் அல்ல, இறக்கம். 4,215 மீட்டர் கணவாயைத் தாண்டியபின் வருகிற கல்படிகளுக்கு ஊன்றுகோல் இரண்டு அவசியம். சோக்கேகிராவுக்கு வழிகாட்டி இல்லாமலும் போகலாம். ஆனால் அபுரிமாக் பள்ளத்தாக்கில் சுமார் 1,500 மீட்டர் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே அளவு ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். இந்த முழங்காலோடு வேண்டாம்.

குமரிக்கண்டத்தை விட்டுவிடுவோம்.

மற்றதை விட முடியாது. ‘செய்திருக்கவே முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு காணொளியை நம்பி, ஒரு மக்கள்கூட்டத்தின் கையிலிருந்து அவர்கள் செய்த வேலையைப் பிடுங்கி, வானத்திலிருந்து வந்தவனிடம் கொடுக்கிறீர்கள். இதில் எனக்கு உண்மையாகவே கோபம். இரும்பு இல்லை, சக்கரம் இல்லை, எழுத்து இல்லை என்று இல்லாததை எல்லாம் எண்ணினீர்களே, அவர்களிடம் என்ன இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டீர்களா?

கல்லை எடுத்துக்கொள்வோம். ழான்-பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர், 1980களில் குஸ்கோ பக்கத்துக் கல்குவாரிகளுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே ஆற்றுக் கூழாங்கற்கள் கிடந்தன. அந்த மலையின் கல் அல்ல, யாரோ சுமந்துகொண்டு வந்து போட்டவை. அவற்றில் ஒன்றை, ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ளதை, இரண்டு கையாலும் பிடித்து ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையின் சிறிய கல் ஒன்றின்மேல் விழவிட்டார். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, கல் தானாகத் துள்ளி எழும். விழும் கடைசிக் கணத்தில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் செதில் பெயரும். விளிம்புக்கு மட்டும் சிறிய கல். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பக்கங்களும் ஐந்து விளிம்புகளும் தயார். அவர் கல்தச்சர் அல்ல. பிறகு இன்கா சுவர்களைப் பார்த்தால், நடுவில் பெரிய குழித்தழும்பு, விளிம்பை நெருங்க நெருங்கப் பொடித்தழும்பு. அவர் அடித்த கல்லில் விழுந்த அதே தழும்பு. குஸ்கோவின் பழைய தெருக்களில் நின்று உங்கள் விரலாலேயே தடவிப் பார்க்கலாம்.

சரி, வெட்டிவிட்டார்கள், நகர்த்தியது எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் கயிறு வருகிறது.

சியெசா தெ லியோன் என்ற ஸ்பானியர், படையெடுப்பு நடந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் குஸ்கோவில் விசாரித்து எழுதியிருக்கிறார். சக்சாய்வாமானுக்கு இருபதாயிரம் பேர் முறைவைத்து வந்தார்கள். நாலாயிரம் பேர் கல் வெட்டினார்கள். ஆறாயிரம் பேர் தோலாலும் நாராலும் திரித்த பெரிய வடங்களால் இழுத்தார்கள். மீதிப்பேர் அடித்தளம் தோண்டினார்கள், மரம் வெட்டினார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு அரசு சோறு போட்டது, தவணை முடிந்ததும் ஊருக்கு அனுப்பியது. அந்த உழைப்புமுறைக்கு மித்தா என்று பெயர். ஆறாயிரம் பேர், க. தேர்வடம் பிடித்த ஊர்க்காரர் நீங்கள். அத்தனை கைகள் ஒரே மூச்சில் இழுத்தால் எது நகரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

அந்தக் கயிறு எங்கே என்று கேட்டால், இன்றும் இருக்கிறது. குஸ்கோவுக்குத் தெற்கே, கெவே என்ற ஊர்ப்பக்கம், அபுரிமாக் ஆற்றின்மேல் கெஸ்வசாக்கா பாலம். கிட்டத்தட்ட முப்பது மீட்டர் நீளம், முழுக்கப் புல். நான்கு கிராமத்தார் ஒவ்வொரு ஜூனிலும் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, புதியதைக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே வண்டி போகும் இரும்புப்பாலம் இருக்கிறது. அக்கரைக்குப் போக யாருக்கும் இந்தப் பாலம் தேவையில்லை. ஆனாலும் கட்டுகிறார்கள்.

நான் போனபோது மலைச்சரிவில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல்லால் தட்டி, நனைத்து வைத்த இச்சுப் புல் கட்டுக்கட்டாக. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் புல்லை வைத்து ஒரே தேய்ப்பு. இரண்டு புரியும் தனித்தனியே முறுக்கேறி, கையை விட்டதும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். தாள் தீர்வதற்கு ஒரு சாண் இருக்கும்போதே அடுத்த தாள்களைச் செருகிவிடுவார். எங்கே செருகினார் என்று குனிந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கையைப் பார்க்காமல் எதிரே இருந்தவரோடு பேசிக்கொண்டேதான் திரித்தார். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கயிறு அவர் முதுகுக்குப் பின்னால் சுருண்டு குவிந்தது. உங்களுக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது என்று எங்கள் ஓட்டுநரை விட்டு அவர்கள் மொழியான கெச்சுவாவில் கேட்கச் சொன்னேன். அம்மா என்றார். இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்பார்களா என்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பமும் அந்தச் சிறுகயிற்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆண்கள் அவற்றைச் சேர்த்து முறுக்கி, முறுக்கியதைப் பின்னித் தொடை பருமனுக்கு வடமாக்குகிறார்கள். தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. இரு கரையிலும் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் இழுக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வடம் ஆற்றின்மேல் ஒரு முழம் எழும்புவதைப் பார்த்தேன். நூறு டன் கல் எப்படி நகர்ந்தது என்ற கேள்வி எனக்கு அதன்பின் எழவேயில்லை. 2020-ல் கொரோனாவால் புதுப்பிக்க முடியாமல் போனது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு வருடம் கைகள் சேரவில்லை என்றால் பாலம் இல்லை, அவ்வளவுதான். வேற்றுக்கிரகவாசியை இதில் எங்கே நிறுத்துவீர்கள்?

எழுத்து இல்லாதவர்கள் என்றீர்கள். கணக்கு இருந்தது, அதுவும் கயிற்றில்தான். கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகள். ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பில் முடிச்சுப் போட்டு, எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும், களஞ்சியத்தில் எவ்வளவு மக்காச்சோளம் என்று வைத்திருந்தார்கள். 1583-ல் லிமாவில் கூடிய பாதிரிமார் சபை கிப்புகளை அழிக்கச் சொல்லி ஆணையிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் பெயர் கோயில் சுவரிலேயே இருக்கிறது, ஆடிய பெண்களின் பெயர்கூட இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளைப் படிக்க நமக்கு ஆள் இருந்தது. அவர்களுடைய பதிவேடுகளில் பலவற்றை எரித்துவிட்டார்கள். மிஞ்சியவற்றில் எண்களைப் படிக்க முடிகிறது, மற்றதை இன்னும் முடியவில்லை. எரித்தவர்கள் விட்டுச்சென்ற அந்த வெற்றிடத்தில்தான் இன்றைக்குப் பறக்கும் தட்டு வந்து இறங்குகிறது. அதை இறக்குகிறவர்கள் எரித்தவர்களின் வேலையைத்தான் தொடர்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

அழிந்துபோன இனமும் இல்லை. அழிந்தது அரசு. 1572-ல் கடைசி இன்கா மன்னரான துபாக் அமாருவைக் குஸ்கோ சதுக்கத்தில் தலைவெட்டிக் கொன்றார்கள். மக்கள் அங்கேயே இருக்கிறார்கள். 2017 கணக்கெடுப்பில் பெருவில் மட்டும் 37 லட்சம் பேர் கெச்சுவாவைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். இன்கா பாதையில் உங்கள் கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு, உங்களைத் தாண்டிப் படியேறி ஓடப்போகிறவர்கள் அவர்கள்தான். பலர் காலில் டயர்ச் செருப்பு. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று 2001-லிருந்து சட்டம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை கிலோ, என்ன கூலி, இரவில் அவர்கள் எதன்மேல் படுக்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். முதுகுப்பையை நீங்களே தூக்க ஆசைப்படுவது நல்ல விஷயம், தூக்குங்கள்.

உயரம் பழக ஒல்லாந்தாய்தம்போவில் தங்கச் சொன்னேன் அல்லவா, அங்கே இரண்டாம் நாள் சும்மா உட்காராதீர்கள். ஊருக்கு மேலே, கட்டி முடிக்காத கோயிலில் ஆறு இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் பல பத்து டன். அவை வந்த காச்சிகாட்டா குவாரி ஆற்றுக்கு அக்கரையில், எதிர்மலையின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்த மலையில் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் பாதியிலேயே நின்றுபோன பாறைகள் இன்னும் கிடக்கின்றன. களைத்த கற்கள் என்கிறார்கள் ஊரில். பாலத்தைக் கடந்து அந்தப் பாதையில் மெதுவாக ஏறுங்கள், மூச்சு வாங்கினால் நில்லுங்கள், முழங்கால் வலித்தால் திரும்பிவிடுங்கள். ஏதாவது ஒரு களைத்த கல் வரைக்கும் போனால் போதும். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜூன் இரண்டாம் வாரம் என்றால் கெவேக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், குஸ்கோவிலிருந்து விடியுமுன் வண்டி எடுக்க வேண்டும்.

போய்வந்து எழுதுங்கள். காணொளி இணைப்புகள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்.