அமெரிக்க ராணுவத்தில் கையெழுத்துப் போட்ட பையன் பாதியில் விலக நினைத்தால்

வணக்கம் சார். குடும்ப கிரீன் கார்டில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, பத்தொன்பது வயது மகன் வீட்டில் கேட்காமலேயே ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டான், இப்போது வேண்டாம் என்கிறான், ஆள்சேர்க்கும் அதிகாரியான ரெக்ரூட்டரோ "விலகினால் ஜெயில், கிரீன் கார்டும் போய்விடும்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பையன் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டானா, வீட்டில்தான் இருக்கிறானா என்று சொல்லவில்லை. எல்லாம் அதைப் பொறுத்ததுதான் என்பதால் இரண்டுக்கும் எழுதுகிறேன்.

முதலில், எத்தனை முறை உறுதிமொழி எடுத்தான் என்று கேளுங்கள். மெப்ஸ் எனப்படும் தேர்வு மையத்தில் மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் கையைத் தூக்கி எடுப்பது முதல் உறுதிமொழி. அதோடு அவன் சேர்வது 'டெப்', அதாவது தாமதச் சேர்க்கைத் திட்டம். சம்பளம் கிடையாது, ராணுவச் சட்டமும் அவன்மேல் பாயாது. பயிற்சிக்குப் புறப்படும் நாளில் மெப்ஸிலேயே இரண்டாவது முறை உறுதிமொழி எடுத்தால்தான் அவன் சிப்பாய்.

இரண்டாவது உறுதிமொழி இன்னும் எடுக்கவில்லை என்றால் கவலையே வேண்டாம். ரெக்ரூட்டர் சொன்ன இரண்டும் நடக்காது. அப்படி மிரட்டுவதற்கு அவர்களுடைய விதிகளே இடம் தரவில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் போதும்: "இந்தத் தேதியில் டெப்பில் சேர்ந்தேன். கல்லூரிப் படிப்பைத் தொடர முடிவு செய்துவிட்டேன். ராணுவப் பணியில் சேர விருப்பமில்லை. என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." பெயர், தேதி, கையெழுத்து. ரெக்ரூட்டருக்கு மட்டும் அனுப்பாமல் அவருக்கு மேலே உள்ள நிலையத் தலைவருக்கு அனுப்புங்கள். தபால் நிலையத்தில் சர்ட்டிஃபைட் மெயிலாக, பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டோடு போட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் கையெழுத்து அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கடிதம் போனதும் போன் வரும். "ஒரு தடவை ஆபீஸுக்கு வா, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்பார்கள். போக வேண்டிய கட்டாயம் இல்லை. மெப்ஸுக்குத் திரும்பப் போகவே கூடாது. போன பையன்கள் சுற்றி நிற்பவர்களின் பேச்சில் மனம் மாறி, அன்றே பஸ் ஏறிவிடுவதுண்டு. புறப்படும் தேதிக்குச் சில வாரம் முன்பே கடிதம் போய்விட்டால் இந்த நெருக்கடி இருக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: இதெல்லாம் முழுநேர ராணுவத்துக்கு. பகுதிநேரப் படைகளான நேஷனல் கார்டிலோ ரிசர்விலோ சேர்ந்திருந்தால் ஏற்கெனவே ஒரு யூனிட்டின் உறுப்பினராக இருக்கலாம், அங்கே டெப் கடிதம் செல்லாது. யூனிட் கமாண்டர் வழியாகத்தான் விடுபட வேண்டும்.

நம்மைப் போன்ற குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, இதை ரெக்ரூட்டர் சொல்லமாட்டார். விலகும் காரணமாக "நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை" என்று எங்கேயும் எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. குடியேற்றச் சட்டத்தின் 315-ஆம் பிரிவின்படி, தான் வெளிநாட்டவர் என்ற காரணத்தைச் சொல்லி ராணுவப் பணியிலிருந்து விலக்குக் கேட்டு, அதே காரணத்துக்காக விடுவிக்கப்பட்டவர் நிரந்தரமாகக் குடியுரிமைக்குத் தகுதி இழப்பார். விதிவிலக்குகள் மிகக் குறைவு. நல்லெண்ணத்தில் யாராவது "குடிமகன் இல்லை என்று எழுது, சீக்கிரம் விடுவார்கள்" என்றால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். படிப்பு, குடும்பப் பொறுப்பு, மனம் மாறியது, இதில் எது உண்மையோ அதை எழுதட்டும்.

இனி, பயிற்சிக்குப் போய்விட்டான் என்றால். தரைப்படைக்கு 10 வாரம், மரீன் படைக்கு 13 வாரம் அடிப்படைப் பயிற்சி. உள்ளே போனபின் விலகுவது உரிமை அல்ல, கமாண்டரின் முடிவு. இதற்கான வழி தொடக்கநிலை விலக்கம். நெடுங்காலம் முதல் 180 நாளுக்குள் இருப்பவர்களுக்கு என்று இருந்தது, 2024-ல் அதை 365 நாளாக நீட்டினார்கள். பயிற்சியில் தேறாதது, சூழலுக்கு ஒத்துப்போகாதது, சேருவதற்கு முன்பே இருந்த நோய் வெளிவருவது ஆகியவை வழக்கமான காரணங்கள். நோய் தவிர்த்த காரணங்களில், முதலில் எழுத்தில் அறிவுரை தந்து திருந்த அவகாசம் கொடுத்த பிறகே காகிதம் நகரும். அவன் பயிற்சி தரும் டிரில் சார்ஜென்ட்டிடம் சொல்லிவிட்டு, கம்பெனி கமாண்டரைப் பார்க்க அனுமதி கேட்கட்டும். ராணுவ மதகுருவான சாப்ளினிடம் பேசுவது ரகசியமாக இருக்கும் என்பதால் மனம் திறந்து பேச அவர்தான் சரியான ஆள்.

இதில் பெற்றோர் எதிர்பார்க்காதது காலம். அனுமதி கிடைத்தாலும் மறுநாள் அனுப்பமாட்டார்கள். விலகுபவர்களுக்கென்று தனிப் பிரிவில் துடைப்பதும் காவல் நிற்பதுமாக வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். ஐந்தாவது வாரத்தில் விலகக் கேட்ட பையன், தன் வகுப்பு பாஸாகி வெளியேறுவதை அங்கிருந்தே பார்க்க நேரிடும். இரண்டாம் மூன்றாம் வாரத்து அழுகைக் கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். போனைப் பிடுங்கி வைத்திருக்கும் அந்த வாரங்கள்தான் பலருக்கும் மிகக் கடினமானவை. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவன் ஒரு வார்த்தை எழுதினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே யூனிட்டை அழைத்துச் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்புக்கான 988 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

செய்யக் கூடாதவை மூன்று. ஓடிவருவது முதலாவது. அனுமதியின்றி வெளியேறினால் ராணுவச் சட்டத்தின் 86-ஆம் பிரிவில் குற்றம். 30 நாள் தாண்டினால் தப்பியோடியவன் என்று பதிவாகி, பிடியாணை வரும். பிறகு சாலையில் சாதாரண வாகனச் சோதனையில்கூடப் பிடிபடுவான். போர்க்காலத்தில் தப்பியோடிய குற்றம் ராணுவ நீதிமன்றத்தில் நிரூபணமானால் குடியுரிமைக்கும் தடை உண்டு. நோய் வந்ததாக நடிப்பது இரண்டாவது, அது 83-ஆம் பிரிவில் குற்றம். மூன்றாவது, "ஆஸ்துமா இருந்தது, ரெக்ரூட்டர் மறைக்கச் சொன்னார்" என்று யோசிக்காமல் சொல்வது. உண்மையாகவே இருந்தாலும் அதை மோசடிச் சேர்க்கை என்று பதிய வாய்ப்புண்டு. அதைப் பேசுமுன் ராணுவச் சட்ட உதவி வழக்கறிஞரையோ, ஜிஐ ரைட்ஸ் ஹாட்லைன் என்ற இலவச ஆலோசனைச் சேவையையோ கேட்கட்டும்.

பயிற்சியில் அடிபட்டிருந்தால் கவனம் வேறு இடத்தில் வேண்டும். எலும்பு விரிசலைக்கூடச் சேருமுன்பே இருந்த கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டால், பின்னால் இழப்பீடு கேட்பது கடினம். எக்ஸ்ரே அறிக்கை உட்பட மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றின் நகலும் கையில் வரும்வரை எந்த ஒப்புதலிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். காகிதம் தேங்கினாலோ சிகிச்சை மறுத்தாலோ உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மகன் கையெழுத்திட்ட தகவல் வெளியீட்டு ஒப்புதல் இல்லாமல் அவர்கள் கேட்க முடியாது, அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தொடக்கநிலை விலக்கத்தில் பணியின் தன்மையை 'வகைப்படுத்தப்படவில்லை' என்று எழுதுவார்கள். அது அவப்பெயர் அல்ல, கிரீன் கார்டையும் தொடாது. ஆனால் கௌரவமான பணி என்றும் ஆகாது. நம் ஆட்களிடையே "பத்து வாரத்தில் குடியுரிமை" என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. விசாவில் இருந்தவர்களையே மொழியறிவுக்காகச் சேர்த்த மாவ்னி திட்டத்தின் பட்டியலில் தமிழும் இருந்ததால் பரவிய பேச்சு அது. அந்தத் திட்டத்தில் 2016-லேயே ஆள் சேர்ப்பது நின்றுவிட்டது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு ராணுவ வழிக் குடியுரிமை இப்போதும் உண்டு, அதற்குக் கௌரவமான பணி வேண்டும். பாதியில் வந்தவன் அந்த வழியை நம்பாமல் மற்றவர்களைப் போல கிரீன் கார்டில் ஐந்து வருடம் முடித்து என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போடுவதே பத்திரம். அதில் ராணுவப் பணி பற்றிய கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

விலகல் காகிதத்தில் ஆர்ஈ குறியீட்டை, அதாவது மீண்டும் சேரும் தகுதியைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் சிறப்பு அனுமதியோடு மீண்டும் சேரலாம், 4 என்றால் பெரும்பாலும் கதவு மூடியது. டெப்பிலேயே விலகியவனுக்கு இந்தக் குறியீடே இல்லை. 26 வயதுக்குள் வீடு திரும்பினால் செலக்டிவ் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவ அழைப்புக்கான பதிவேட்டில் அவன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்தில் சரிபார்த்து, அந்தச் சான்றை அச்செடுத்துக் கிரீன் கார்டு கோப்போடு வைத்துவிடுங்கள்.