திருவந்திபுரத்தில் கல்யாணம், பாரிசில் குடித்தனம்: மனைவி விசாவுக்கு முதல் அடி எது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி, வேலை பாரிஸ் பக்கம். பெண் கடலூர், இந்திய பாஸ்போர்ட். தை மாதம் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம், எனக்கு மூன்று வாரம்தான் லீவு. தாலி கட்டிய கையோடு டூரிஸ்ட் விசாவில் அவளை அழைத்துப் போய், அங்கேயே குடியிருப்பு கார்டுக்கு மனுப் போடலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில்: மாமாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அந்த யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே இருந்தபடியே மனைவி கார்டு கேட்கும் வழி ஒன்று உண்டுதான், ஆனால் அது கல்யாணமே பிரான்சில் நடந்து, முறையான விசாவில் நுழைந்து, ஆறு மாதம் அங்கே சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு. உங்களுக்குத் தாலி கட்டுவது திருவந்திபுரத்தில். கணவன் பிரான்சில் இருக்கும் புதுப்பெண் டூரிஸ்ட் விசா கேட்டால், 'திரும்பி வருவாளா' என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

உங்கள் வேலை தை மாதத்தில் ஆரம்பிப்பதில்லை, இப்போதே ஆரம்பிக்கிறது. பிரெஞ்சுக் குடிமகன் இங்கே நம் சட்டப்படி கல்யாணம் செய்வதற்கு முன்னால் கான்சுலேட்டில் ஒரு சான்று வாங்க வேண்டும், திருமணம் செய்யத் தடையில்லை என்று. அதற்கு உங்கள் இருவர் பெயரையும் 10 நாள் அறிவிப்பாக ஒட்டுவார்கள், கான்சுலேட்டில் ஒன்று, பிரான்சில் நீங்கள் குடியிருக்கும் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒன்று (நம் பீச் ரோட்டில் 2014 மழையில் இடிந்து, திரும்பக் கட்டினார்களே, அந்த மேரி இல்லை). இது இல்லாமல் கட்டிய தாலியும் தாலிதான், யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை, ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும்போது எல்லாவற்றையும் பின்னாலிருந்து கிளறுவார்கள், அது மாதக்கணக்கில் போகும். பதிவேட்டில் ஏறாதவரை மனைவி விசாவுக்கு உங்களிடம் அடிப்படைக் காகிதமே கிடையாது.

இந்தக் கட்டத்தில் கான்சுலேட்டில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். எங்கே பார்த்தீர்கள், எத்தனை தடவை சந்தித்தீர்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார் என்றெல்லாம் கேட்பார்கள். பயந்துபோய்க் காதல் கதை ஜோடிக்காதீர்கள்! அத்தை மூலம் ஜாதகம் வந்தது, பெண் பார்க்க வந்தார், இரண்டே தடவை நேரில் பார்த்தோம், தினம் ராத்திரி வீடியோ காலில் பேசுகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பதிவு. கோயில் ரசீது திருமணச் சான்றிதழ் ஆகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் எந்தச் சட்டத்தில் பதிவார்கள் என்று பெண் வீட்டாரை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் என்றால் 30 நாள் நோட்டீஸ் உண்டு, மூன்று வார லீவு அதிலேயே கரைந்துவிடும்.

இனி, நான் அதிகம் பார்த்த சிக்கல். பெண்ணின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் பிறந்த நிறையப் பேருக்கு அதில் குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும், ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிந்தது, பெயர் வைத்தது மூன்றாம் மாதம். அப்பா பெயர் அதில் 'சுப்ரமணியன்', பாஸ்போர்ட்டில் 'சுப்பிரமணியம்'. நமக்கு இரண்டும் ஒரே ஆள், பிரெஞ்சு குமாஸ்தாவுக்கு இரண்டு ஆள். பெயர் சேர்ப்பது, திருத்துவது எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அப்போஸ்தில் முத்திரைக்கும் (நம் காகிதம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை) பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் மொழிபெயர்த்து முடித்தபிறகு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, முதலிலிருந்து எல்லாச் செலவையும் மறுபடி செய்தார்கள்.

கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைச் சேர்க்க ஓடவும் வேண்டாம். பிரெஞ்சுக் காகிதத்தில் பெண் கடைசிவரை பிறந்த பெயரில்தான் இருப்பாள், கணவன் பெயர் பக்கத்தில் புழக்கப் பெயராக வரும், அவ்வளவே.

கல்யாணம் பதிவேட்டில் ஏறி, லிவ்ரே த ஃபாமி என்ற பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகம் கைக்கு வந்துவிட்டால் விசா சுலபமான பகுதி. பிரான்ஸ்-விசா தளத்தில் 'பிரெஞ்சுக்காரரின் துணை' என்ற நீண்டகால விசாவுக்கு மனு. விசாக் கட்டணம் கிடையாது, மனுவை வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. சம்பளச் சீட்டு பத்தாது, வீடு சின்னது என்ற பயமும் வேண்டாம், அந்த வரம்பெல்லாம் அங்கே கார்டில் இருக்கும் வெளிநாட்டவர் குடும்பத்தை அழைக்கும்போது வருவது. உங்கள் வகையில் மோசடி, பொது ஒழுங்குக்கு ஆபத்து போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதைத் தவறவிடாதீர்கள்.

போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் உறுதி செய்து வரி கட்ட வேண்டும். இதை மறந்தால் சட்டப்படி இருந்தவள் சட்டப்படி இல்லாதவள் ஆகிவிடுவாள். அந்த விசாவிலேயே வேலைக்கும் போகலாம். முடிவதற்கு நான்கிலிருந்து இரண்டு மாதம் முன்பு அடுத்த கார்டுக்கு மனு.

பெண்ணின் அப்பாவும் இதைப் படிப்பார் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: புதுப்பிக்கும்போது சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டும், ஆனால் கணவன் அடித்ததால் பிரிந்தவளின் கார்டைப் பறிக்கக் கூடாது என்று பிரெஞ்சுச் சட்டமே சொல்கிறது. 'கார்டு போய்விடும்' என்று யார் மிரட்டினாலும் நம்ப வேண்டாம்.

மொழி விஷயம் இப்போது கறாராகிவிட்டது. 2024 ஜனவரிச் சட்டத்தால், 2026 தொடக்கத்திலிருந்து பல ஆண்டு கார்டுக்கு ஆ2 (A2), பத்து வருட கார்டுக்கு அதற்கு அடுத்த படியான பே1 (B1) அளவு பிரெஞ்சு கேட்கிறார்கள். கல்யாணத்துக்கும் விசாவுக்கும் நடுவில் அவள் கடலூரில் உங்கள் போனுக்காகக் காத்திருக்கப் போகும் மாதங்கள் இருக்கின்றனவே, பஸ் ஏறினால் பிரெஞ்சு கற்றுத்தரும் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்செஸ், தை வரைக்கும்கூடத் தள்ளிப்போட வேண்டாம், அடுத்த வகுப்பிலேயே சேரச் சொல்லுங்கள்.