தத்தெடுத்த பிள்ளையோடு திருகோணமலையில் இரண்டு வாரம்: எங்கே போகலாம், எதை விடலாம்?

கேள்வி: நாங்கள் கனடாவில் வசிக்கிறோம், என் சொந்த ஊர் திருகோணமலை. மூன்று வயதுப் பெண் பிள்ளையைத் தத்தெடுக்க இலங்கை வந்திருக்கிறோம். நீதிமன்றக் கட்டளை கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட், விசா வர இரண்டு வாரமாவது ஆகுமாம். அதுவரை உப்புவெளியில் மாமி வீட்டில் நிற்கப் போகிறோம். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாமலை எல்லாம் மகளுக்குக் காட்ட ஆசை. ஜூலை வெயில் தாங்குவாளா? அவள் தெற்கில் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவள், சிங்களம்தான் புரியும்.

பதில்: தாராளமாக வாருங்கள். ஜூலையில் எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். ஆனால் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசுகிற காலம், பகல் பத்து மணிக்குப் பிறகு வெளியே நிற்க முடியாது. காலையும் பின்னேரமும்தான் உங்கள் நேரம். அப்புறம், அந்தப் பட்டியலில் பாதியை இப்போதே வெட்டிவிடுங்கள். சிறுவர்களுக்கு உளவளத்துணை செய்பவள் என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுகிறேன்.

இல்லத்தில் அவளுக்கு ஒரு கட்டில், ஒரு கோப்பை, தெரிந்த அக்காமார் இருந்தார்கள். இப்போது ஆட்கள், வீடு, சாப்பாடு, பாஷை எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டன. சில பிள்ளைகள் அதை அழுது காட்டுவார்கள். சிலர் அழவே மாட்டார்கள். யார் கை நீட்டினாலும் போவார்கள், வேனில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். பார்க்கிறவர்கள் “என்ன நல்ல பிள்ளை!” என்பார்கள். எனக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. தாங்க முடியாத அளவுக்குப் புதுசு வந்து குவியும்போது தூக்கத்துக்குள் ஒதுங்குவதும் உண்டு. எல்லோரிடமும் ஒட்டுவது, அம்மா அப்பா யார் என்று இன்னும் மனதில் பதியாததால்.

அதனால் முதல் வாரம் ஒரே ஒரு இடம் போதும். உப்புவெளிக் கடற்கரைக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியால் நடந்து போங்கள். நேற்றுப் பார்த்த வள்ளமும் நேற்றுப் பார்த்த நாயும் இன்றைக்கும் அங்கேயே இருந்தால் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. அலைச்சத்தம் முதலில் பயம் தரலாம். தண்ணீருக்குள் தூக்கிப் போகாதீர்கள். ஈரமில்லாத மணலில், உங்கள் மடியில், கடலுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். கையில் ஒரு சிரட்டையைக் கொடுங்கள். மணலை அள்ளி உங்கள் கையில் கொட்டுவாள், நீங்கள் திருப்பிக் கொட்டுவீர்கள், இடையில் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். கால் நனைக்க அவளே கேட்கும் நாள் வரும்.

இரண்டாம் வாரம் கோணேசர் கோயில். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், கூட்டம் அதிகம். விடியற்காலையில் போனால், கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம், மூன்று வயதுக்கு அது போதுமான காட்சி. தகப்பனின் தோளில் இருந்து பார்க்கட்டும், கையால் தீன் கொடுக்க வேண்டாம். கோட்டை இன்றும் இராணுவ முகாம்தான். சீருடையைக் கண்டு மிரண்டால் தூக்கிக்கொண்டு நடங்கள். பூசை நேரத்து மணியும் மேளமும் சின்னக் காதுக்கு அதிகம், பூசை முடிந்த பிறகு உள்ளே போங்கள். வெயில் ஏறினால் தரை சுடும், செருப்பும் இராது. கோயிலடியில் உள்ள செங்குத்தான மலைப்பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளையைக் கீழே இறக்கிவிடவே கூடாது.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதற்கு முன் அவளுடைய விரலிடுக்கு, கக்கம், வயிறு எல்லாம் பாருங்கள். பல பிள்ளைகள் சேர்ந்து படுக்கும் இடங்களில் சொறி எளிதாகப் பரவும். இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள், சூடு அரிப்பைக் கூட்டும். தோல் சுத்தமாக இருந்தாலும் வாளித் தண்ணீரை நேரே தலையில் ஊற்றாமல், கையில் தொட்டுப் பார்க்கவிட்டுக் காலில் தொடங்குங்கள். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இராது.

புறாமலையும் திமிங்கிலப் படகும் இந்தமுறை வேண்டாம். புறாமலை ஒரு சின்னத் தீவு, நிழல் குறைவு, கரையெல்லாம் முருகைக்கல், படகில் போய் இறங்க வேண்டும். திமிங்கிலம் பார்க்கப் போனால் மணிக்கணக்கில் கடலில்.

இடங்களைவிடச் சிக்கலானது சொந்தபந்தம். நீங்கள் வந்த சேதி கேட்டு ஊரே டொபியோடு வரும், ஆளாளுக்குத் தூக்குவார்கள். மாமியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: “மாமி, இவளுக்குச் சோறு தீத்துறதும் குளிக்க வார்க்கிறதும் தூக்கிறதும் இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நீங்கள் சமைச்சுத் தந்தால் பெரிய உதவி.” வருபவர்கள் கையசைக்கலாம், சிரிக்கலாம். டொபியைக்கூட உங்கள் கையில் தரட்டும், நீங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். மாமிக்கு மனம் நோகலாம். ஆனால் பிள்ளை தனக்கு யார் சொந்தம் என்று அறிந்துகொண்ட பிறகு மாமி ஆசை தீரக் கொஞ்சலாம் என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்.

தமிழ் மெல்ல வரும், அவசரப்படுத்தாதீர்கள். இப்போதைக்கு நீங்கள் நாலு சிங்களச் சொல் பழகுங்கள்: வத்துர என்றால் தண்ணீர், படகினி பசி, எப்பா வேண்டாம், ரிதெனவா நோகிறது. இந்த நாலும் புரியாமல் போனால்தான் பாதி அழுகை.

கட்டளையின் பிரதியை எங்கே போனாலும் பையில் வையுங்கள், பிள்ளை யாருடையது என்று யாரும் கேட்டால் காட்டலாம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தூள்), பனடோல், நுளம்புக்குப் பூசும் களிம்பு கூடவே இருக்கட்டும். பனடோல் அளவைப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ப வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லத்திலிருந்து அவள் கொண்டுவந்த சட்டையோ துணியோ இருந்தால், சொறி இல்லையென்றால் கனடாவுக்குப் போய்ச் சேரும்வரை துவைக்காதீர்கள், அந்த மணம் அவளுக்கு வேண்டும். படங்களை ஆசை தீர எடுங்கள். முகநூலில் மட்டும் இப்போது போட வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்புக்கு ஒருவர் போனால் போதும் என்றால், முதலில் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்கள அதிகாரியிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சரி என்றால் ஒருவர் போகட்டும், மற்றவர் அன்றைக்கும் அதே நேரத்துக்குப் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகட்டும்.